அழ வைக்கும் வழி

வினிஃப்ரெட் ஹாஸ்கெல் ஒப்பனை வண்டியில் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தாள். எழுபதை நெருங்கும் அவளுடைய சொந்தச் சுருக்கங்களின் மேல் படகுத்துறைக் கிழவி ஒருத்தியின் சுருக்கங்களை வரைந்துகொண்டிருந்தாள் ஒப்பனைக்காரப் பெண்.

“மேடம், சின்ன வயசுல நீங்க அழுத அந்தக் காட்சிய எங்க ஸ்கூல்ல போட்டுக் காட்டினாங்க. கிளாஸ் மொத்தமும் அழுதோம்.”

“நானும்தான் அழுதேன்,” என்றாள் வினிஃப்ரெட்.

‘ஹார்லன் துறை’ நாவலைப் படிக்காமல் அந்த நாட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவர்கள் குறைவு. ஒஹையோ ஆற்றில் படகு ஓட்டும் ஒரு குடும்பத்தின் கதை. ஊமைப்படக் காலத்தில் ஒருமுறை எடுத்தார்கள், அது யாருக்கும் நினைவில்லை. இரண்டாவதாக ராய்ஸ் டால்மேஜ் எடுத்ததைத்தான் சனங்கள் ‘படம்’ என்பார்கள். அப்பா போன படகு ஆளில்லாமல் திரும்பி வர, துறையில் நின்று ஒரு சிறுமி கதறுவாள். அந்தச் சிறுமி வினிஃப்ரெட். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

அன்று காலை அவளுக்கு அழுகை வரவில்லை. டால்மேஜ் அவள் அம்மாவை ஏதோ சாமான் வாங்கக் காரில் டவுனுக்கு அனுப்பினார். பிறகு அவள் முன்னால் மண்டியிட்டு, தோளைப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் கார் பாலத்தில் கவிழ்ந்துவிட்டது, அம்மா போய்விட்டாள் என்று சொன்னார். எழுந்து நின்று கேமராவை ஓடவிட்டார். முதல் டேக்கிலேயே வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் வெளிச்சம் நன்றாக இருந்தது, தொடர்ந்து எடுத்தார். மதியச் சாப்பாடு வரை யாரும் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. கையில் பைகளோடு திரும்பி வந்த அம்மா விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள். “அதுக்கென்ன, நல்லா வந்துச்சுல்ல?” அந்தச் சிரிப்பை வினிஃப்ரெட் டால்மேஜின் கணக்கிலேயே சேர்த்துவைத்தாள். பல வருஷம் கழித்து அம்மா ஆஸ்பத்திரியில் நிஜமாகவே இறந்தபோது, அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அந்த அழுகையைத்தான் ஊர் ஊராகத் தியேட்டரில் ஓட்டிக்கொண்டிருந்தார்களே.

இப்போது மூன்றாவது தடவையாக எடுக்கிறார்கள். படகுத்துறைக் கிழவி வேஷத்துக்குக் கூப்பிட்டபோது அவள் ஒரு கேள்விதான் கேட்டாள். “டால்மேஜ் வருவாரா?” வருவார் என்றார்கள்.

வந்திருந்தார். துறையோரம் சக்கர நாற்காலியில், மடியில் கம்பளியோடு, தொண்ணூறு தாண்டிய உடம்பு. கூட வந்த மகன் டெரன்ஸ், மாத்திரையை ஹோட்டலில் வைத்துவிட்டதாகச் சொல்லிக் காரை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போயிருந்தான். கிழவரைச் சுற்றி ஒரு கூட்டம்.

“என் குட்டிப் பொண்ணு வந்துட்டா!” என்று அவளைப் பார்த்துக் கையை விரித்தார். அப்புறம் எல்லோருக்கும் கேட்கும்படி அவளை அழ வைத்த கதையைச் சொன்னார், விருந்துகளில் சொல்லிச் சொல்லிப் பழகின வேடிக்கையாக. சிலர் சிரித்தார்கள், சிலர் காலைப் பார்த்தார்கள்.

இளம் இயக்குநர் ஜோஆன் சிரிக்கவில்லை. “நாங்க அப்படியெல்லாம் பண்றதில்ல, சார்.”

“அதான் உங்க படத்துல எவளும் அழமாட்டேங்குறா.” கிழவர், இந்தமுறை சிறுமியாக நடிக்கும் ஐவியை விரலால் அழைத்தார். “இங்க வாம்மா. உங்கம்மா எங்க, காணோமே?”

ஐவி திரும்பி அம்மாவைத் தேடினாள். கூட்டத்தின் பின்னால் அம்மா கையைத் தூக்கிக் காட்டினாள். ஆனாலும் தேடின அந்த ஒரு கணத்தில் குழந்தையின் முகம் போன போக்கை வினிஃப்ரெட் பார்த்துவிட்டாள்.

அவளுக்கு வேறு திட்டங்கள் இருந்தன. பத்திரிகைக்காரர்கள் முன்னால் பேசுவது, விருந்தில் எழுந்து சொல்வது. எல்லாம் அந்த இடத்திலேயே உதிர்ந்தன. ஐவியை அம்மாவிடம் அனுப்பிவிட்டு, படப்பிடிப்பு தொடங்குகிற பரபரப்பில் கூட்டம் கலையும்வரை பொறுத்தாள். பிறகு வலிக்கிற முழங்காலை மடக்கி நாற்காலி முன்னால் மண்டியிட்டு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“ராய்ஸ், டெரன்ஸ் கார் பாலத்துல கவுந்துடுச்சு. அவன் போயிட்டான்.”

தான் சற்று முன் சொன்ன கதையேதான் இது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. வாய் திறந்தது, மூடவில்லை. விரல்கள் கம்பளியில் எதையோ தேடின.

“யாரு... யாரு சொன்னா?”

அவள் அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். இனித்தது. நினைத்ததைவிட அதிகமாகவே இனித்தது.

“வின்னி, என்னைக் கூட்டிட்டுப் போ. பாலத்துக்குக் கூட்டிட்டுப் போ.”

“இருங்க,” என்றாள். “வெளிச்சம் நல்லா இருக்கு.”

டெரன்ஸ் மாத்திரையோடு வந்தபோது கிழவர் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல, “இவ பொய் சொன்னாடா,” என்றார்.

விஷயம் புரிந்ததும் டெரன்ஸ் கத்தினான். “வயசான மனுஷன்! நீங்கெல்லாம் ஒரு பொம்பளையா?”

“எனக்கு அப்ப ஒம்பது வயசு,” என்று சொல்லிவிட்டு அவள் துறையில் தன் இடத்துக்குப் போய் நின்றாள்.

ஜோஆன் கையைத் தூக்கினாள். அக்கரையிலிருந்து காலிப் படகைக் கயிறு கட்டி இழுக்கத் தொடங்கினார்கள். அது பாதி வந்ததும் ஒலிப்பதிவுக்காரர் தலையை ஆட்டிக் காதிலிருந்ததைக் கழற்றினார். மகன் எதிரிலேயே நின்றபோதும் கிழவரின் அழுகை ஓயவில்லை. சத்தம் போடாதீங்க என்று அவரிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கயிறு பிடித்தவர்கள் நிறுத்தினார்கள். நடு ஆற்றில் படகு மெல்ல ஒரு பக்கமாகத் திரும்பியது. ஐவி ஓடிவந்து வினிஃப்ரெட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, “அவரு எதுக்கு அழறாரு?” என்று கேட்டாள்.