ஆறு விநாடி

ஞாயிறு காலை பத்து இருபதுக்குப் புனேவின் நிக்டியில் டாக்சி வந்து நின்றது. பாலச்சந்திரன் ஒன்பது மணிக்கே சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரின் மறுகோடியிலுள்ள ஹடப்சர் போக ஒன்றரை மணி நேரமாகும் என்று டிரைவர் ஹிந்தியில் சொன்னார். பாலச்சந்திரனுக்குப் புரிந்தது. ஹிந்தியில் பதில் சொல்லத்தான் வராது. மனைவி ஆனந்தவல்லி பதில் சொன்னார்.

மகள் ப்ரீதியின் வேலைக்காகப் புனேவுக்கு வந்து ஐந்து வருடம். இங்கே பாலச்சந்திரனை யாருக்கும் தெரியாது. போன மாதம் தமிழ்ச் சங்கத்தில் நன்றியுரை சொல்லக் கூப்பிட்டார்கள். இரண்டு வாக்கியம் பேசியிருப்பார். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். பெயர் கலீல், ஹடப்சரில் பள்ளிச் சீருடை தைக்கும் தொழில். இந்தக் குரலில் எங்கள் உம்மா பேசிக் காட்டுவார்கள் சார் என்றார். அந்த அம்மாவின் பெயர் ரஹ்மத் பீவி.

பாலச்சந்திரனுக்கு முகம் நினைவில்லை. பெயர் நாற்பது வருடமாக நினைவிருந்தது.

சென்னையில் வங்கி எழுத்தராக இருந்துகொண்டே அவர் தொலைக்காட்சியில் ஒரு போட்டி நடத்தினார். 'அறுபது விநாடி' என்று பெயர். கறுப்பு வெள்ளையில் தொடங்கியது. கலர் வந்து இரண்டு வருடத்தில் நின்றது. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வாரம். ஒரு தட்டில் பன்னிரண்டு சாமான்களைக் காட்டித் துணியால் மூடுவார்கள். அறுபது விநாடிக்குள் பன்னிரண்டையும் சொல்ல வேண்டும். அவருடைய இடது கையில் ஸ்டாப்வாட்ச். வலது கை மேசை மணியின் மேல். கடிகாரத்தை அவர் ஒருவர்தான் பார்ப்பார். அவர் அடித்தால் அறுபது.

தெருவுக்கு ஒரு டி.வி. இருந்த காலம். வங்கிக் கவுண்டரில் அவரைக் கண்டதும் ஜனங்கள் வேகமாகப் பேசுவார்கள். வரிசை சீக்கிரம் நகர்கிறது என்று மேனேஜருக்குச் சந்தோஷம்.

ஒரு நிகழ்ச்சியும் இப்போது இல்லை. டேப் விலை அதிகம். ஒளிபரப்பானதும் அதன் மேலேயே விவசாய நிகழ்ச்சியோ வேறெதுவோ பதிவு செய்துவிடுவார்கள். உங்க புகழ் மேல பூச்சிமருந்து பத்திப் பேசிட்டாங்க என்பார் ஆனந்தவல்லி.

அந்த வாரம் இறுதிச் சுற்றில் ரஹ்மத் பீவி இருந்தார். பரிசு ஒரு தையல் மெஷின். பதினொன்றைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கேமராவுக்குப் பக்கத்தில் இருந்தவர், டேப் முடியப் போகிறது என்று விரலைச் சுழற்றினார். வெட்டி ஒட்ட வசதி கிடையாது. முந்தைய வாரம் நிகழ்ச்சி நீண்டுபோனதற்குப் பாலச்சந்திரன் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். இந்தப் பெண்ணுக்கு இனி வராது என்று நினைத்தார். மணியை அடித்தார். அடித்ததும் ரஹ்மத் பீவி "ஊக்கு" என்றார். அவர் முக்காட்டில் குத்தியிருந்ததும் ஊக்குதான். அரங்கம் சிரித்தது. பாலச்சந்திரன் கடிகாரத்தைப் பார்த்தார். ஐம்பத்து நான்கு.

நேரம் முடிந்துவிட்டது அம்மா என்று அறிவித்தார்.

வேறெந்த வாரமும் அப்படிச் செய்ததில்லை. யாரிடமும் சொன்னதுமில்லை. கலீல் சாப்பிடக் கூப்பிட்ட பிறகுதான் ஆனந்தவல்லியிடம் சொன்னார். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நாப்பது வருஷம் கழிச்சு, அந்த ஆறு செகண்டைத் திருப்பிக் குடுக்கப் போறீங்களா?"

"சொல்லாம இருக்க முடியல."

"சொல்லுங்க. ஆனா அவங்க போடறதச் சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க. அப்புறம் சோறு கிடைக்குமோ என்னமோ."

ஹடப்சரில் கலீல் கீழேயே காத்திருந்தார். தரைத்தளத்தில் தையல் கூடம், மாடியில் வீடு. ரஹ்மத் பீவி வாசலுக்கு வந்தார். குள்ளமான அம்மாள். மூக்குக் கண்ணாடி. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று பாலச்சந்திரனிடம் கேட்டார்.

பாலச்சந்திரன் விழித்தார். பிறகுதான் பிடிபட்டது. பதிவுக்கு முன்னால், மைக்கைச் சரிபார்க்க ஒவ்வொரு போட்டியாளரிடமும் அவர் கேட்கும் கேள்வி அது. அவருக்கே மறந்திருந்தது.

"இட்லி" என்றார்.

"போதும். மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றார் ரஹ்மத் பீவி, பாலச்சந்திரனின் அந்தக் காலக் குரலிலேயே. ஆனந்தவல்லி சிரித்து முடிக்க நேரமாயிற்று.

நெய்ச்சோறும் தால்ச்சாவும். கலீலின் மனைவி ஆஃபியா கேட்காமலே பரிமாறிக்கொண்டிருந்தாள். இரண்டாவது முறை போட்டதைச் சாப்பிட்டு முடித்ததும் ஆனந்தவல்லி கணவரைப் பார்த்தார். அவர் தொண்டையைச் செருமினார். அதற்குள் ரஹ்மத் பீவி ஆரம்பித்துவிட்டார்.

ஊக்கு என்பது மணிக்கு முன்பே தெரிந்துவிட்டதாம். மேலப்பாளையத்திலிருந்து மெட்ராசுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஊக்கையெல்லாம் ஒரு சாமானென்று சொன்னால் சிரிப்பார்களோ என்று தயங்கினாராம். தயங்கியபோது மணி அடித்துவிட்டது. பஸ்ஸில் வீடு திரும்பும்போதே முடிவு செய்துவிட்டாராம், இனி எதற்கும் தயங்குவதில்லை என்று. அடுத்த வாரம் வளையலைக் கழற்றிக் கொடுத்துத் தையல் மெஷின் வாங்கினார். புனேவில் கடை போடலாமா என்று கணவர் யாகூப் கேட்டபோது, கேட்டு முடிப்பதற்குள் சரி என்றார். நானூறு ஜோடிச் சீருடை ஒரு மாதத்தில் முடியுமா என்று ஒரு பள்ளியில் கேட்டார்கள். இருந்தது இரண்டு மெஷின். முடியும் என்றார். முடித்தார்.

"எங்க வீட்டுல 'பாக்கலாம்'னு யாரும் சொல்லக் கூடாது சார்" என்றார் கலீல். "இவளப் பொண்ணு பாக்கப் போனப்போ, புடிச்சிருக்கான்னு எங்கிட்ட கேட்டுட்டு உம்மா வாட்சப் பாத்துட்டு உக்காந்துட்டாங்க."

"இவருக்கு நாப்பது செகண்ட் ஆச்சு" என்றாள் ஆஃபியா.

எல்லோரும் சிரித்தார்கள். பாலச்சந்திரனும் சிரித்தார். கை உலர்ந்துகொண்டிருந்தது. எழுந்து கழுவிக்கொள்ளத் தோன்றவில்லை.

"அம்மா, அந்த மணி..." என்றார்.

"அந்த மணிதான் சார்" என்றார் ரஹ்மத் பீவி. கீழே வேலைக்குச் சேரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் நாளே இந்தக் கதையைச் சொல்வாராம். போன வாரம்கூட இரண்டு பேருக்கு ஹிந்தியில் சொன்னாராம். அவர்களுக்கு மணி அடிக்கிற இடம்தான் ரொம்பப் பிடிக்கிறது. நீங்கள் ஈவிரக்கம் பார்க்காத மனிதர் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்றார். இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்திருந்தால் தான் அன்றைக்கு மெஷினோடு வீட்டுக்குப் போய், அதோடு முடிந்திருக்கும் என்றார்.

ஆனந்தவல்லி தண்ணீர் டம்ளரை எடுத்தார். குடிக்கவில்லை. கணவரைப் பார்க்கவும் இல்லை.

பாலச்சந்திரன் மறுபடி வாயைத் திறந்தார். ரஹ்மத் பீவி கண்ணாடியைக் கழற்றி முக்காட்டு நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். இத்தனை வருடத்தில் யாரிடமும் கேட்க முடியாத ஒன்று இருக்கிறது, கடிகாரம் உங்கள் கையில்தானே இருந்தது என்றார். பிறகு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"நான் இன்னும் ஒரேயொரு செகண்டு முந்திச் சொல்லியிருந்தா, அந்த மெஷின எனக்குக் குடுத்திருப்பியதானே, சார்?"