முற்றத்தில் நட்ட துடுப்பு

லைட்ஹவுஸ் குப்பத்தில் வேண்டாம் என்று தூக்கி எறிந்த சாமான் எதுவானாலும் ஹரிஹரன் சார் வீட்டில் போய்த் தேடினால் கிடைக்கும் என்று மனோரமா சொல்லுவாள். சொல்லும்போது சிரிக்கமாட்டாள். அந்த ஆளை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சென்னையில் விளம்பரக் கம்பெனி வைத்திருக்கும் ஹரிஹரன், கடலைப் பார்த்த மாதிரி ஒரு வீடு வேண்டுமென்று மணல்மேட்டை வாங்கி காம்பவுண்டு சுவர் எழுப்பினார். மனோரமா இருபத்திரண்டு வருடமாக நெத்திலி காயவைத்த இடமும், பக்கத்தில் முத்தம்மாளின் இடமும் அந்தச் சுவருக்குள் போயின. காயவைக்கும் இடத்துக்குக் குப்பத்தில் யாரிடமும் பத்திரம் கிடையாது. அவரவர் இடத்தின் தலைமாட்டில் தங்கள் குடும்பத்தின் வெட்டுக்குறி உள்ள பழைய துடுப்பு ஒன்றை நட்டு வைப்பார்கள். துடுப்பு நிற்கிறவரை இடம் அவர்களுடையது. ஒருத்தி ஆறு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தாலும் இன்னொருத்தி அங்கே ஒரு கைப்பிடி மீன் பரப்பமாட்டாள். அடுத்தவர் துடுப்பை யாரும் தொடமாட்டார்கள். பொக்லைன் ஓட்டி வந்த வெளியூர்க்காரனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? இரண்டையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனான்.

ஊர்த் தலைவர் பூவரசன் நியாயம் கேட்கப் போனார். ஹரிஹரன் அவருக்குக் காபி கொடுத்துப் பட்டாவைக் காட்டினார். தலைவர் காபியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"துடுப்பு நின்னாலாவது பேசலாம். அதான் படுத்துடுச்சே. இன்னா பண்ண சொல்ற?" என்றார்.

"காபி நல்லா இருந்துச்சாண்ணா?" என்று கேட்டுவிட்டு மனோரமா துடுப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அன்றிலிருந்து சிமெண்ட் ரோட்டில்தான் காயவைத்தாள். பைக் ஏறியது, ஆடு மிதித்தது. பொன்னேரி வியாபாரி ஒரு பிடி கருவாட்டை அள்ளிப் பார்த்து, பாதியைத் தூள் என்று ஒதுக்கினான். இன்னொரு இடம் தேடலாமென்றால் கரை நெடுக மற்றவர்களின் துடுப்புகள் நின்றன. பழைய இடம் கிடைத்தால் பிழைப்பு, இல்லையென்றால் எறால் கம்பெனிக்குத் தோலுரிக்கப் போகவேண்டியதுதான்.

இந்த நிலையில்தான் ஹரிஹரன் அவள் வாசலுக்கு வந்து நின்றார். பழைய சாமான் தேடி வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தவர், சுவரோரம் கிடந்த துடுப்பைப் பார்த்ததும் குனிந்து குழந்தையைத் தடவுவதுபோல் தடவினார்.

"அக்கா, இதுல காலம் தெரியுது பாருங்க."

மனோரமாவுக்குக் கரையான்தான் தெரிந்தது. தன் சுவருக்காகப் பிடுங்கிப் போட்ட துடுப்பு இதுதான் என்பதுகூட அந்த மனிதருக்குத் தெரியவில்லை. இது எதற்கு என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நிலமே போனபிறகு இந்தக் கட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டாள். முத்தம்மாள் கொடுக்கவில்லை. தன்னுடையதைக் கோழிக்கூண்டின் மேல் போட்டுவைத்திருந்தாள்.

தை மாதம் கிரகப்பிரவேசம். குப்பத்துக்கும் சாப்பாடு சொல்லியிருந்தார்கள். மனோரமா வேண்டுமென்றே போனாள், அந்த வெட்கக்கேட்டைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று.

பார்த்தாள். யாரோ ஒரு ஜமீன் கிழவன் வெற்றிலை துப்பிய பித்தளைப் படிக்கத்தில் ரோஜாப்பூ செருகியிருந்தது. விருந்தாளிகள் அதில் மூக்கை வைத்து முகர்ந்தார்கள். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் அளக்கும் தகரக் குவளையில் பேனாக்கள் நின்றன. பெட்ரோமாக்ஸ் விளக்குக்குள் கரண்ட் பல்பு எரிந்தது. துருப்பிடித்த டிரங்குப் பெட்டி, கால் உடைந்த தையல் மிஷின், ஊமையாகிப்போன ரேடியோ. ஒவ்வொன்றுக்கும் ஹரிஹரன் பக்கத்தில் நின்று கதை சொன்னார். காயலான் கடைக்காரன் கதை சொல்லாமல் எடை போடுவான், அவன் எவ்வளவோ தேவலை என்று மனோரமா நினைத்துக்கொண்டாள்.

பிறகு முற்றத்துக்கு வந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

சிவப்புத் தரையின் நடுவில் அவள் துடுப்பு நிமிர்ந்து நின்றது. எண்ணெய் பூசி, கீழிருந்து விளக்குப் போட்டு, அடியில் சிமெண்ட் வைத்து இறுக்கியிருந்தார்கள். பிடிக்குக் கீழே அவள் குடும்பத்தின் மூன்று வெட்டு பளிச்சென்று தெரிந்தது. மேலே கூரை கிடையாது, நல்ல வெயில். லைட்ஹவுஸையும் கடலையும் பார்த்து இடத்தைக் கணக்குப் போட்டாள். பழைய இடமேதான்.

மனோரமா சாப்பிடவில்லை. வீட்டுக்கு ஓடி, விடிகாலையில் வந்த நெத்திலியை இரண்டு கூடையில் தூக்கிக்கொண்டு வந்தாள். காவலுக்கு நின்ற சுரேஷ் குப்பத்துப் பையன்தான். துடுப்பை ஒருதரம் பார்த்தான், கூடையைப் பார்த்தான், கேட்டைத் திறந்துவிட்டான். பட்டுப்புடவைகள் விலகி வழிவிட, துடுப்படியில் குந்தி, மீனைத் தரையில் நிதானமாகப் பரப்பினாள்.

ஹரிஹரன் கையில் ஐஸ்கிரீமுடன் ஓடிவந்தார். "அக்கா, என்ன பண்றீங்க?"

"நெத்திலி காயவெக்கிறேன் சார்."

"இங்கயா?"

"என் துடுப்பு நிக்குது சார். துடுப்பு நின்னா இடம் என்னுது. நம்பலன்னா எங்க தலைவரைக் கேளு."

தலைவர் பந்தியில் இருந்தார். பாயசத்தை விட்டுவிட்டு வந்தவர் துடுப்பைப் பார்த்து முகம் வெளிறினார்.

"நீதான வித்த, மனோரமா?"

"கட்டையத்தான் வித்தேன். படுத்துக் கிடந்தத நட்டது இவரு. நின்னா பேசலாம்னு நீதான சொன்ன? நின்னுச்சு. பேசு."

சுற்றிலும் குப்பத்துப் பெண்கள் எச்சில் கையோடு வந்து நின்றிருந்தார்கள். இங்கே மாற்றிப் பேசினால் நாளைக்குக் கரையில் ஒரு துடுப்புக்கும் மரியாதை இருக்காது என்று தலைவருக்குத் தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க வழக்கம் அதான் சார்" என்றார்.

"அவ்வளவுதானே? பிடுங்கிடறேன்" என்று ஹரிஹரன் சுரேஷைக் கூப்பிட்டார். சுரேஷ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அடுத்தவங்க துடுப்ப தொடமாட்டேன் சார்."

அவரே கட்டிப்பிடித்து இழுத்தார். வேட்டி நழுவியதுதான் மிச்சம். சிமெண்ட் நல்ல சிமெண்ட்.

அன்று மட்டுமல்ல, மறுநாளும் அதற்கு மறுநாளும் மனோரமா வந்தாள். வீட்டைப் படம்பிடிக்க வியாழக்கிழமை பத்திரிகைக்காரர்கள் வருவதாக இருந்தது. படிக்கத்து ரோஜா வரைக்கும் கருவாட்டு வாசனை ஏறிவிட்டது. வெளியூர் ஆளை வைத்துப் பெயர்க்கலாம், போலீசில் சொல்லலாம் என்றால் ஊரோடு பகைத்துக்கொண்டு சனி ஞாயிறு வந்து தங்கவா முடியும்? புதன்கிழமை காலை ஹரிஹரன் இறங்கிவந்தார்.

"உங்களுக்கு என்னதான் வேணும்?"

"என் இடம் சார். அதுலதான் வீட்ட கட்டிட்டியே, அதுக்குப் பதிலா செவுத்த உள்ள தள்ளிக் கட்டு. கடல் பக்கம் என் காலால பன்னெண்டு அடி. துடுப்ப நானே எடுத்துக்கறேன்."

அன்றைக்கே சுவர் இடிந்தது. மனோரமா கடப்பாரையோடு வந்து, சிமெண்ட் கட்டியோடு துடுப்பைப் பெயர்த்து, திறந்துகிடந்த மணலில் நட்டாள். சுற்றி மணலை மிதித்து இறுக்கும்போது அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. தான் எறால் உரிக்கப் போகவேண்டாம்.

அடுத்த வாரம் அவள் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஹரிஹரன் இரண்டு விருந்தாளிகளோடு வந்தார். சுவர் தள்ளிப்போன கதையை ஏதோ தான் தானம் கொடுத்தமாதிரி அவர்களுக்குச் சொல்லி முடித்துவிட்டு, அவள் பக்கம் குனிந்தார்.

"அக்கா, முற்றம் வெறிச்சுனு இருக்கு. அதே மாதிரி இன்னொரு பழைய துடுப்பு யார்கிட்டயாவது இருக்கா?"

விளையாட்டுக்குக் கேட்கிறாரா என்று மனோரமா அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். இல்லை.

"முத்தம்மாகிட்ட ஒண்ணு கீது சார்."

"நல்ல பழசா?"

"ரொம்பப் பழசு. உன் முத்தத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்."

"விலை கேட்டுச் சொல்றீங்களா?"

"இதோ சார்" என்று கையை உதறிக்கொண்டு எழுந்து, மனோரமா முத்தம்மாள் வீட்டைப் பார்த்து நடந்தாள்.