பெரிய பொட்டலம்

காங்ஷான் ஊரில் திருகாணி செய்யாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே அவ்வூர்த் தொழிற்பள்ளியின் மாலைப் பயிற்சி வகுப்பில் திருகாணி பிரிக்கும் இயந்திரம் ஒன்று உருவானதில் யாருக்கும் வியப்பில்லை. ஓடும் பெல்ட்டில் திருகாணிகள் நின்றபடி வரிசையாக வரும். ஒரு பக்கம் சின்ன விளக்கு, எதிர்ப்பக்கம் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் கண். நெட்டைத் திருகாணி வந்தால் வெளிச்சம் மறையும், உடனே ஒரு கை அதைத் தட்டில் தள்ளிவிடும். குட்டை, மறைக்காமல் கீழேயே போய்விடும். அவ்வளவுதான். இந்த அவ்வளவுக்காக ஜிங்வென்னும் அவள் கூட்டாளி போஹானும் பருவம் முழுக்கப் பள்ளி விட்ட பிறகும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்று பெற்றோர் முன்னால் ஓட்டிக்காட்ட வேண்டும். ஜிங்வென்னின் அம்மா காலைச் சிற்றுண்டிக் கடை நடத்துபவள். உடைத்த முட்டையை ஓட்டுக்குள் திரும்ப வைக்க முடியாதல்லவா, அவள் கொடுக்கும் வாக்கும் அந்த வகைதான்.

"ஓடுச்சுன்னா இந்த வகுப்புலயே இரு. ஓடலைன்னா திங்கக்கிழமையிலேர்ந்து கணக்கு டியூஷன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

காலையில் ஓட்டிப் பார்த்தபோது இயந்திரம் பிசகவில்லை. பிசகியது வேறொன்று. ஊரில் எந்த இயந்திரத்தின் தலையிலும் பச்சை உறையில் தேங்காய் வாசனைச் சோளப்பொரிப் பொட்டலம் ஒன்று உட்கார்ந்திருக்கும். பொரியின் பெயருக்கே 'சமத்தாயிரு' என்று பொருள்; அது மேலே இருந்தால் இயந்திரம் மக்கர் பண்ணாது என்பது ஊர் நம்பிக்கை. பச்சைதான் வேண்டும். மஞ்சளோ சிவப்போ வைத்தால் வம்பு. கெடு தேதி தாண்டக் கூடாது. வேலையில் இருக்கும்போது அதைத் தின்னவும் கூடாது. பெற்றோர் வந்து அமர்ந்த பிறகுதான் போஹான் தங்கள் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"சார், தேதி நேத்தோட முடிஞ்சிருச்சு."

பயிற்சி ஆசிரியர் ஷியாவின் முகம் வெளுத்தது. "நேத்தேவா? காலையில ஏன்டா பாக்கல?"

"சார், நீங்க மின்னியல் படிச்சவரு. நீங்களே பயப்படலாமா?" என்றாள் ஜிங்வென்.

"படிச்சதனாலதாம்மா பயப்படுறேன்."

முன்வரிசையில் இருந்த அம்மாவின் காதில் இது விழுந்தது. "தோத்தாலும் நியாயமாத் தோக்கணும்" என்று எழுந்து போனவள், எதிர்க்கடையிலிருந்து குடும்பத்துக்கே போதுமான பொட்டலம் ஒன்றைத் தலையணைபோல் அணைத்துக்கொண்டு வந்தாள். பச்சைதான். இரண்டு கையாலும் இயந்திரத்தின் மேல் வைத்து, லேசாகத் தலை குனிந்துவிட்டு இடத்துக்குத் திரும்பினாள். ஷியாவுக்கு உயிர் வந்தது.

போஹான் சுவிட்சைப் போட்டான். முதல் திருகாணி குட்டை. கை அதைத் தள்ளியது. அடுத்ததும் குட்டை, அதையும் தள்ளியது. பிறகு நெட்டை, குட்டை என்று வித்தியாசம் பார்க்காமல் வந்ததையெல்லாம் ஒரே தட்டில் வாரிக் கொட்டியது.

"எல்லாரையும் சமமா நடத்துது" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

அம்மா சிரிக்கவில்லை. ஜிங்வென்னுக்குக் கணக்கு டியூஷனின் குழல்விளக்குகள் இப்போதே கண்ணில் தெரிந்தன. குனிந்து பார்த்தாள். பொட்டலத்தின் ஒரு மூலை தொங்கி, விளக்குக்கும் கண்ணுக்கும் நடுவே சுகமாகப் படுத்திருந்தது. பாவம், கண்ணுக்கு உலகத்தில் எல்லாமே நெட்டை.

அவள் கை பொட்டலத்தை நோக்கி நீண்டது.

"தொடாதே" என்றார் ஷியாவ். "ஓடுற நேரத்துல எடுத்தா தொலைஞ்சோம்."

"நான் வச்சதையா எடுக்கப் போற?" என்றாள் அம்மா.

எடுத்தால் ஊர்ப் பெற்றோர் முன்னால் அம்மாவுக்கு அவமானம். எடுக்காவிட்டால் டியூஷன். ஜிங்வென் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, பெரிய பொட்டலத்தச் சும்மா வச்சாப் போதாதும்மா. வாங்கி வந்தவங்களே கையில பிடிச்சுக்கிட்டு நின்னாத்தான் மெஷின் சொன்னபடி கேக்கும்."

ஷியாவ் அவள் காதருகே வந்தார். "அப்படி ஒரு முறை இருக்கா?"

"இப்ப இருக்கு, சார்."

போஹான் இயந்திரத்தை நிறுத்தினான். அம்மா எழுந்து வந்து பொட்டலத்தைக் கைக்குழந்தைபோல் ஏந்திக்கொண்டாள். போஹான் மறுபடி சுவிட்சைப் போட்டான். குட்டை போயிற்று. நெட்டை விழுந்தது. குட்டை, குட்டை, நெட்டை. தட்டில் ஒன்றுகூடத் தப்பில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். அம்மாவால் தட்ட முடியவில்லை, கையில் பொட்டலம்.

"எங்க பையன் செஞ்சதும் அடிக்கடி நின்னு போவுது. சின்னப் பொட்டலம்தான் வச்சிருக்கோம்" என்றாள் ஒரு தாய்.

"அளவுல என்ன இருக்கு? யார் பிடிக்கிறாங்கங்கிறதுலதான் இருக்கு" என்றாள் அம்மா.

விளக்கைப் பற்றிச் சொல்ல ஜிங்வென் வாயைத் திறந்தாள். ஷியாவ் இருமினார். மூடிக்கொண்டாள்.

"அப்போ டியூஷன்?" என்று மட்டும் கேட்டாள்.

"டியூஷனா? வகுப்பு நடக்குற செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் எனக்கு இங்க வேலை இருக்கு. உன்ன அங்க யாரு கொண்டுபோய் விடுறது?"

மகிழ்ச்சி முழுதாக முகத்துக்கு வருமுன் பாதி வழியில் நின்றது. "எல்லா வகுப்புக்குமா வருவீங்க?"

"பின்ன? அடுத்து மாவட்டப் போட்டியில இத ஓட்டணும்னா பிடிக்க ஆள் வேண்டாமா? ஆனா உயரமா ஒரு நாற்காலி போடச் சொல்லு. நின்னே பிடிச்சா இடுப்பு வலிக்குது."

போஹான் பொட்டலத்தின் முனையைத் தடவிப் பார்த்தான். மதியம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

"கைய எடு" என்றாள் அம்மா. "அது டியூட்டியில இருக்கு."