மூன்றாம் எதிரியின் இறங்கும் நேரம்

பொன்மலைப்பட்டியில் கணினியில் போர் விமானம் ஓட்டுகிறவர்கள் ஐந்து பேர். அவர்களோடு சண்டை போடும் எதிரிகள் நான்கு பேர். இரண்டு தரப்புக்கும் அட்டை எழுதிக் கொடுப்பவர் ஒருவர்தான், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் சூசைமாணிக்கம். நம்மவர்கள் வெள்ளிக்கிழமை மாலை வந்து அட்டையை வாங்கிக்கொண்டு போவார்கள். எதிரிகள் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கணினியிலிருந்து வருவார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டு அட்டையை வாங்கி, ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். சண்டை சாயங்காலம் நான்கு மணிக்கு.

அட்டை ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. விமானம் ஓட்டும்போது குனிந்து பார்க்கத் தோதாகத் தொடையில் கட்டிக்கொள்ளும் அளவுதான் இருக்கும். புறப்படும் நேரம், எந்தத் திருப்பத்தில் எந்தத் திசை, எத்தனை அடி உயரம், எவ்வளவு எரிபொருள் மிச்சமிருக்கும்போது வீட்டைப் பார்க்கத் திரும்ப வேண்டும், ரேடியோவில் எந்த அலைவரிசை, எந்த ஏவுகணையை எப்போது விடுவது, கடைசிக் கட்டத்தில் இறங்கும் நேரம். இவ்வளவையும் ஒரே பக்கத்தில் அடக்க வேண்டும். முப்பத்தாறு வருடம் ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக வண்டி விட்டவருக்கு ஆகாயம் கொஞ்சம் தாராளமாகவே தெரிந்தது. ஆனால் அவர் விமானம் ஓட்டுவதில்லை. முதல் நாள் குச்சியைப் பிடித்து ஒரே ஒரு திருப்பம் திரும்பியதில் மத்தியானம் சாப்பிட்ட மீன் குழம்பு வெளியே வந்துவிட்டது. அதன்பிறகு அவர் தரையோடு சரி.

அட்டையில் எழுதியது நடக்கும், எழுதாதது நடக்காது. இதில் இரு தரப்பிலும் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது.

அந்தச் சனிக்கிழமை மற்ற மூன்று பேரும் போன பிறகும் மூன்றாம் எதிரி மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஐம்பது வயதிருக்கும் ஒல்லி ஆள். சட்டைக் காலரில் லேசாகக் கருகல் வாடை. இரண்டு வருடமாக வருகிறவர், 'வரேன் சார்' என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசியதில்லை.

“சார், ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க.”

“இந்தக் கடைசிக் கட்டம், எறங்குற நேரம். எங்க நாலு பேருக்கும் வெறும் கோடு போட்டு விட்டிருக்கீங்க.”

“நாலு பதினாலுக்கு உங்களைச் சுட்டுர்றாங்கள்ல. அப்புறம் நேரம் எதுக்கு?”

“அது சரிதான் சார். சுடுறதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. வீட்ல அவ சாயங்காலம் காப்பி போட்டு வைக்கிறா. எத்தனை மணிக்கு வருவேன்னு தெரியாம உத்தேசமாப் போடுறா. ரெண்டு வருஷமா ஆறிப்போகுது. நேரம்னு ஒண்ணு போட்டுக் குடுத்தீங்கன்னா அவளுக்கும் வசதி.”

சூசைமாணிக்கத்துக்குக் கன்னத்தில் அறை விழுந்தது போலிருந்தது. ஸ்டேஷன் பதிவேட்டில் ஒரு வண்டி புறப்பட்டதை எழுதினால், அது அடுத்த ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்ததையும் எழுதியாக வேண்டும். அதை எழுதாமல் அவர் ஒருநாளும் பேனாவை மூடியதில்லை. ஒருமுறை ஒரு சிமெண்டு வண்டி வந்து சேரத் தாமதமானபோது, கொண்டுபோன தயிர் சாதம் புளிக்கும்வரை ஜன்னலை விட்டு நகராமல் நின்றிருக்கிறார். இப்போது மனக்கணக்கு போட்டுப் பார்த்தார். நூற்று நான்கு சனிக்கிழமை, வாரத்துக்கு நாலு பேர். நானூற்றுப் பதினாறு புறப்பாடு, ஒரு வரவுகூட இல்லை. அந்தக் கோட்டையும் வாராவாரம் ஸ்கேல் வைத்து அவரேதான் போட்டிருக்கிறார். வெட்கமாக இருந்தது.

“எழுதித்தான் குடுங்களேன்,” என்றார் அவர் மனைவி ரோஸ்லின், அடுப்படியிலிருந்து. “மனுசன் காப்பிதானே கேக்குறாரு.”

எழுதுவதில் இரண்டு சிக்கல்கள் இருந்தன. இன்றைக்கு மூன்றாம் எதிரியைச் சுட வேண்டியவர் நம்மவர்களின் படைத் தலைவி டாக்டர் மெஹருன்னிசா. கடைவீதியில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார். பல் பிடுங்குவதிலும் விமானத்தை வீழ்த்துவதிலும் அவருக்குக் கை நடுங்கியதே இல்லை. இதுவரை நாற்பத்தொன்பது. இன்றைக்கு மூன்றாம் எதிரி விழுந்தால் ஐம்பது. அதற்காக மேலே '50' என்று எழுதிய கேக் ஒன்று பேக்கரியில் தயாராகிக்கொண்டிருந்தது.

இரண்டாவது சிக்கல், வீடு.

“உங்க வீடு எங்க இருக்கு?”

“வடகிழக்கு மூலைல, வரைபடத்துக்கு வெளிய சார்.”

இதைக் கேட்டதும் சூசைமாணிக்கத்துக்கு மனசு லேசாகிவிட்டது. எல்லைக்கு அப்பால் என்றால் அது அடுத்த ஸ்டேஷன் விவகாரம். அந்த வேலை அவருக்குத் தூக்கத்திலும் வரும். தொலைபேசியை எடுத்து அடுத்த வரைபடத்தைக் கூப்பிட்டார். ஒரு பெண் எடுத்தார். வேர்க்கடலை கொறிக்கிற சத்தம் கேட்டது.

“பொன்மலைப்பட்டி பேசுறேன். மூணாம் எதிரி, ஒத்தை. நாலு இருவத்தெட்டுக்கு உங்க எல்லைக்கு வருவாரு. லைன் கிளியர் வேணும்.”

“சரக்கா, பாசஞ்சரா?”

சூசைமாணிக்கம் நாற்காலியில் இருந்தவரை ஒரு பார்வை பார்த்தார். “எதிரி.”

“பாசஞ்சர்னு போட்டுக்கிறேன். லைன் கிளியர். பிரைவேட் நம்பர் நாப்பத்தேழு. எல்.வி. போர்டு இல்லாம அனுப்பிறாதீங்க.”

லைன் கிளியர் என்றால் பாதை காலி, வண்டியை அனுப்பலாம் என்ற அனுமதி. அதற்குப் பிரைவேட் நம்பர் சொல்லியாகிவிட்டால் அப்புறம் யாரும் பேச்சு மாற முடியாது. அவர் நாற்பத்தேழை எழுதி வட்டம் போட்டார். எல்.வி. என்பது கடைசிப் பெட்டியின் முதுகில் மாட்டும் பலகை. வண்டி நடுவழியில் அறுந்துபோகாமல் முழுசாக வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. ஓய்வுபெற்ற அன்று கூட வேலை செய்தவர்கள் நினைவாகக் கொடுத்த பலகை ஒன்று பரணில் இருந்தது. அதை இறக்கி, தூசி தட்டி, மூன்றாம் எதிரியிடம் கொடுத்தார்.

“விமானத்துக்குப் பின்னால மாட்டிக்கங்க. ஆடாம மாட்டணும்.”

“சரி சார்.”

பிறகு ரப்பரை எடுத்தார். எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பமே கிடையாது. ஒன்றைக் கிளைப் பாதையில் ஒதுக்கி நிறுத்தி, மற்றதை மெயின் லைனில் விட வேண்டும். மூன்றாம் எதிரியின் அட்டையில், '4:13, நான்காம் திருப்பம், பதினைந்தாயிரம் அடி, கிளைப் பாதை, நிற்கும் நேரம் மூன்று நிமிடம்' என்று எழுதினார். கோட்டை அழித்துவிட்டு, இறங்கும் நேரம் 4:40 என்று மசியால் எழுதினார். மூன்றாம் எதிரி அதை இரண்டு முறை படித்துவிட்டு அட்டையைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று, “நாலரைக்குப் பாலை வைக்கச் சொல்லிர்றேன் சார்,” என்றார்.

அடுத்து டாக்டரின் அட்டை. சூசைமாணிக்கம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் உள்ளே ஒரு வாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம்தான், வேறொன்றும் இல்லை. மேசைமேல் இருந்த அட்டையை எடுத்து, '4:14, மூன்றாம் எதிரியை வீழ்த்துக' என்பதை அழித்து, '4:14, கிராசிங், மெயின் லைனில் நிற்காமல் போகவும்' என்று எழுதிவிட்டுத் திருடனைப் போலப் படியிறங்கினார்.

அவசரத்தில் அடுத்த வரியை அழிக்க மறந்துவிட்டார். 'ஏவுகணை ஒன்று: 4:14.' அது வெந்நீர்ப் பானைக்கும் பின்னாலேயே போகிற வகை, எங்கே சூடு இருக்கிறதோ அங்கே போய் முட்டும்.

இது அவருக்கு நினைவு வந்தபோது மணி நான்கு பத்து. சண்டை நடக்கும் ஜெராக்ஸ் கடை மாடியில் ஐந்து பேரும் கணினிகளுக்கு முன்னால் உட்கார்ந்து பறந்துகொண்டிருந்தார்கள். மூலையில் கேக் பெட்டி. பறந்துகொண்டிருக்கும்போது அட்டையைத் திருத்தக் கூடாது என்பது அவரே போட்ட விதி. ஓடுகிற வண்டிக்கு யாராவது கால அட்டவணையை மாற்றுவார்களா? சுவரோரம் நின்று எல்லோருக்கும் பொதுவான பெரிய திரையைப் பார்த்தார். ஒரு பெண்மணி அடுப்பில் பாலை வைக்கத் தயாராக இருப்பார் என்ற நினைப்பு வந்தது.

4:13க்கு மூன்றாம் எதிரி நான்காம் திருப்பத்துக்கு வந்து, மெல்ல இடது பக்கம் ஒதுங்கி, பதினைந்தாயிரம் அடியில் நின்றார். விமானத்தின் முதுகில் எல்.வி. பலகை ஆடாமல் தொங்கியது.

“மாணிக்கம் சார்,” என்றார் டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “இவரு ஏன் நிக்கிறாரு?”

“கிராசிங், டாக்டர்.”

டாக்டர் குனிந்து தொடையிலிருந்த அட்டையைப் பார்த்தார். “நான் நிக்காமப் போகணும்.”

“ஆமா.”

“சரி. ஏவுகணை ஒண்ணு நாலு பதினாலுன்னு இருக்கே.”

சூசைமாணிக்கம் வாயைத் திறந்தார். பொய் வரவில்லை. “எழுதியிருக்கு,” என்றார்.

டாக்டர் பொத்தானை அழுத்தினார். ஏவுகணை கிளம்பியது. டாக்டர் மெயின் லைனில் நிற்காமல் போனார். ஏவுகணை எதிரியைச் சுற்றிக்கொண்டு, இயந்திரத்தின் சூட்டை மோப்பம் பிடித்து, பின்பக்கமாக வந்தது. ஆயிரம் அடி. ஐந்நூறு. சூசைமாணிக்கம் சிலுவை போட்டுக்கொண்டார். நூறு அடி இருக்கும்போது எல்.வி. பலகை அதன் கண்ணில் பட்டது. எல்.வி. தெரிந்தால் அந்தப் பாதையில் வண்டி நிற்கிறது என்று அர்த்தம், உள்ளே நுழையக் கூடாது. ஏவுகணை பின்னாலேயே நின்றது.

4:16க்கு மூன்றாம் எதிரி கிளம்பி வடகிழக்கு மூலையைப் பார்க்கப் போனார். ஏவுகணைக்கு யாரும் லைன் கிளியர் வாங்கவில்லை. அது அங்கேயே நின்றது. மற்ற மூன்று எதிரிகளும் அவரவர் அட்டைப்படி விழுந்தார்கள். நம்மவர்கள் அவரவர் நேரத்துக்கு இறங்கினார்கள்.

டாக்டர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார். “என் அம்பதாவது என்னாச்சு சார்?”

“அவருக்கு வீட்டுக்குப் போக நேரம் போட்டுக் குடுத்துட்டேன் டாக்டர். உங்ககிட்டச் சொல்லப் பயந்துட்டேன். ரெண்டு வருஷமா நானூத்திப் பதினாறு வண்டிய அனுப்பிட்டு எங்க போச்சுன்னே கேக்காம இருந்திருக்கேன். இனிமே அப்படி எழுத எனக்குக் கை வராது. வேற ஆளப் போட்டுக்கங்க.”

மற்ற நான்கு பேரும் டாக்டரைப் பார்த்தார்கள். டாக்டர் கேக் பெட்டியைப் பார்த்தார். அப்போது சூசைமாணிக்கத்தின் கைப்பேசி அடித்தது. எடுத்த எடுப்பில் வேர்க்கடலைச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

“பொன்மலைப்பட்டியா? மூணாம் எதிரி வந்து சேர்ந்தாச்சு. நாலு முப்பத்தொம்பது. எல்.வி. பாத்துட்டேன், வண்டி முழுசா இருக்கு. ஆள் காப்பி குடிச்சிட்டிருக்காரு. சூடா இருக்குன்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு.”

சூசைமாணிக்கத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. கர்சீப்பைத் தேடினார், கிடைக்கவில்லை. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு பையிலிருந்து நோட்டை எடுத்து, வரவு 4:39 என்று எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணிப் போயிற்று.

டாக்டர் எட்டிப் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்து கத்தியை எடுத்தார்.

“நாப்பத்தொம்பது பேரு விழுந்தாங்க. ஒருத்தரு வீடு போய்ச் சேந்தாரு. கூட்டினா அம்பது,” என்றார். “கேக்குல எழுதினது சரிதான். மத்த மூணு பேரு கட்டத்தையும் அடுத்த வாரம் பாருங்க சார்.”

அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு எதிரிகள் நால்வரும் வந்தார்கள். மூன்றாம் எதிரி எல்.வி. பலகையைத் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். நான்கு அட்டையிலும் இறங்கும் நேரம் இருந்தது. பலகை ஒன்றே ஒன்று என்பதால் யார் யாருக்குப் பின்னால் வருவது என்று பேசி, கடைசியாக வருகிறவர் மாட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று. தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

“ஏங்க,” என்றார் ரோஸ்லின், “இன்னொருத்தர் நிக்கிறாரு பாருங்க.”

வாசலில் ஏவுகணை நின்றது. செருப்பு இல்லாததால் நேராக உள்ளே வந்துவிட்டது. நிமிர்ந்தால் மின்விசிறி இடிக்கும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தது.

“ஒரு வாரமா அந்த நாலாம் திருப்பத்துலயே நிக்கிறேன் சார்,” என்றது. “எனக்கு அட்டையே கிடையாது.”

சூசைமாணிக்கம் புது அட்டை ஒன்றை எடுத்து ஸ்கேலை வைத்துக் கட்டம் போட்டார். “போய்ச் சேர்ற எடம்?”

ஏவுகணை யோசித்தது. “அப்படி ஒண்ணும் இல்ல சார். இதுவரைக்கும் யாருகிட்டயாவதுதான் போயிருக்கேன்.”

“பாத்துக்கலாம்,” என்று சொல்லிவிட்டு, அவர் கடைசிக் கட்டத்திலிருந்து எழுத ஆரம்பித்தார்.

ரோஸ்லின் அடுப்படியிலிருந்து காப்பி கொண்டுவந்தார். ஆவி பறந்தது. ஏவுகணையின் மூக்கு தானாக டம்ளர் பக்கம் திரும்பியது. அது சிரமப்பட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டது.

“கோவிச்சுக்காதீங்கம்மா. எனக்கு மட்டும் நல்லா ஆத்திக் குடுங்க.”

ரோஸ்லின் இன்னொரு டம்ளரை எடுத்துவந்து, வாசல் பக்கம் தள்ளி நின்று ஆற்றத் தொடங்கினார்.