பிஸ்கற் பேணி

மண்டபத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். அதனால் விக்ரோரியாவும் கைதட்டினாள். மேடையில் நின்ற உதவி நிறுவனத் தலைவி மாக்கிரட் டேனிஷ் மொழியில் சொல்லுவதை அவளுடைய காதுக்குள் ஆங்கிலத்தில் சொல்லவேண்டியது துவாரகாவின் வேலை. அன்று பின்னேரம் முழுவதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். இந்தக் கடைசி வசனத்துக்கு மட்டும் வாய் எழும்பவில்லை. தன்னுடைய சந்தைக்கு இனி உதவி இல்லை என்ற அறிவிப்புக்கு, தென் சூடானிலிருந்து விமானமேறி வந்த அந்த மனுசி, மஞ்சள் சட்டையும் சிரித்த முகமுமாகக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்லுறா?" என்று விக்ரோரியா குனிந்து கேட்டாள். கேட்டது ஆங்கிலத்தில்தான். ஆனால் துவாரகாவின் காதில் அவளுடைய பேச்சு எப்போதோ தன் ஊர் வன்னித் தமிழாக விழத் தொடங்கியிருந்தது.

விக்ரோரியா ஆற்றங்கரைப் பட்டினம் ஒன்றில் கருவாடு விற்பவள். ஆற்றின் இரண்டு கரையாரும் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்து ஓய்ந்த பிறகு, அக்கரைப் பெண்களையும் இக்கரைப் பெண்களையும் ஒரே வரிசையில் கடைபோட வைத்தவள். இரண்டு பக்கத்து ஆண்களுக்கும் அது பிடிக்கவில்லை. ஆனாலும் சந்தையின் ஓரத்தில் ஒடென்சே நகரத்து இந்த உதவி நிறுவனத்தின் வெள்ளை வாகனம் நாள்தோறும் வந்து நிற்கும். கண்காணிப்பாளர்கள் இறங்கி நடப்பார்கள். துவக்குகள் தள்ளி நிற்கும். அவ்வளவுதான் அந்தச் சமாதானம். அந்த வாகனம் இல்லாவிட்டால் விக்ரோரியா இரண்டு கரைக்கும் துரோகி.

அவளுடைய அண்ணன் உகண்டாவுக்கு வந்துவிடு என்று ஆள்விட்டுக் கூப்பிட்டபோது அவள் போகத்தான் இருந்தாள். மறித்தது, நிறுவனத்தின் ஆளாக அங்கே போயிருந்த துவாரகா. கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவே குந்தியிருந்து தன் கதையைச் சொன்னாள். பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்த காலத்தில், கிளிநொச்சியில் சண்டை நெருங்கி வெளிநாட்டு உதவிக்காரர் வெளிக்கிட்டபோது, போகவேண்டாம் என்று வாசலை மறித்து நின்ற சனத்தில் அவளும் ஒருத்தி. கதவுக் கம்பிக்கு ஊடாக ஒரு வெள்ளைக்காரர் அவளிடம் ஒரு தகரப் பிஸ்கற் பேணியை நீட்டிவிட்டு வாகனத்தில் ஏறினார். பிறகு நடந்ததை உலகம் அறியும். "விட்டிட்டுப் போனால் என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியுமக்கா. நாங்கள் போகமாட்டம்" என்று சொல்லி, விக்ரோரியாவின் உள்ளங்கையில் ஓங்கிக் கையடித்துச் சத்தியம் செய்துகொடுத்தாள். விக்ரோரியாவுக்கு அந்த வழக்கம் புதிது. விளங்கிய பிறகு அவளும் திருப்பி அடித்தாள். அலுவலகத்துக்கு ஏது கை? துவாரகா தன் கையை அதற்கு இரவல் கொடுத்திருந்தாள்.

"நம்ப நட, நம்பி நடவாதே" என்று ஊரில் சும்மாவா சொன்னார்கள்? அவள் மாக்கிரட்டை நம்பி நடந்தாள். வேலைக்கு எடுத்த அன்று வாசல் கதையைக் கேட்டுக் கண் கலங்கிய மாக்கிரட், "இந்தமுறை நாங்கள் அப்படிப் போகமாட்டோம்" என்று சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். இன்றைக்கும் மாக்கிரட் அந்தக் கதையைத்தான் மேடையில் சொன்னாள். "எங்கள் துவாரகா அந்த வாசலில் நின்றவள்" என்று கைகாட்ட, சபை திரும்பிப் பார்த்து உருகியது. உருகி முடிவதற்குள், மாத முடிவோடு பொறுப்பு முழுவதையும் உள்ளூர் மக்களிடமே பெருமையோடு ஒப்படைக்கிறோம் என்ற வசனம் வந்தது. கைதட்டல் அதற்குத்தான்.

"மாத முடிவோட நிப்பாட்டுகினமாம் அக்கா."

விக்ரோரியாவின் கைகள் பாதியில் நின்றன. "வாகனம்?"

"அதுவும் போகுது."

"உனக்கு முதலே தெரியுமோ?"

"சத்தியமாத் தெரியாது."

நேற்றைய மீனை இன்று பிடித்தது என்று விற்கிறவளைப் பார்ப்பதுபோல விக்ரோரியா அவளைப் பார்த்தாள். அதற்குள் மேடையிலிருந்து பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். எழுந்து நேராக நடந்துபோனாள். மாக்கிரட் கட்டியணைத்து, கடதாசிக் கொடி ஒட்டிய நீல நிறப் பிஸ்கற் பேணி ஒன்றைக் கையில் கொடுத்தாள். அந்தப் பேணியைக் கண்டதும் துவாரகா கதிரையை விட்டு எழும்பினாள்.

மண்டபத்து நடைவழியில் மாக்கிரட்டை மறித்து, எப்போது முடிவானது என்று கேட்டாள். வசந்தத்திலேயே என்றாள் மாக்கிரட். "சொல்லியிருந்தால் நீ அவளை அழைத்து வந்திருக்கமாட்டாய். நன்கொடையாளர்கள் அவளை ஒருமுறையாவது பார்க்கவேண்டாமா? அடுத்த நாட்டுக்கு உதவி கேட்கப் பிறகு எந்த முகத்தோடு போவது? அவளுக்குப் பக்குவமாக விளங்கப்படுத்து. உன்னைவிட அதற்கு யார் இருக்கிறார்கள்?" மாக்கிரட்டின் கண்கள் உண்மையாகவே நனைந்திருந்தன. அதைத்தான் துவாரகாவால் தாங்க முடியவில்லை. கெட்டவள் என்று திட்டித் தீர்க்கவாவது விட்டிருக்கலாம். தன் வாழ்க்கையில் நடந்த ஆகப் பெரிய துயரத்தை வாங்கி, அதையே தூண்டில் இரையாகக் குத்தியிருக்கிறார்கள் என்று நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வீட்டில் கணவன் கஜதீபன் விருந்தாளிக்கென்று மீன்குழம்பு வைத்திருந்தான். விக்ரோரியா மரியாதைக்கு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போனாள். கஜதீபன் மெல்லிய குரலில் சொன்னான்: "உன்ரை பிழை இல்லையப்பா. நீ சம்பளத்துக்கு வேலை செய்யிற ஆள்."

"நான் கையடிச்சுக் குடுத்தனானப்பா."

அவன் எழும்பினான். சட்டிகளைக் கழுவப் போனான்.

காலையில் துவாரகா எழும்பி வர, விக்ரோரியா பயணத்துக்கு உடுத்திக்கொண்டு குசினி மேசையில் இருந்தாள். பேணி திறந்திருந்தது. பிஸ்கற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு கோப்பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சீனி தூவினது, வளையம், சதுரம் என்று ஒன்றும் உடையாமல்.

"இதுகள் உன்ரை பிள்ளையளுக்கு. எனக்குப் பேணி மட்டும் காணும்."

ஏன் என்று துவாரகா கேட்கவில்லை. கம்பிக்கு ஊடாக வந்த அந்தப் பேணியையும் அம்மா எறியவில்லை. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் காணி உறுதியையும் அதற்குள் வைத்து, ஒவ்வொரு பதுங்குகுழியிலும் முதலில் அதைத்தான் மண்ணுக்குள் தாட்டாள். முள்ளிவாய்க்கால் வரை வந்த அந்தப் பேணி அம்மாவிலும் பார்க்க அதிக நாள் இருந்தது.

"என்ரை பிள்ளையளின்ரை கடதாசியள் வைக்க" என்றாள் விக்ரோரியா, வெறும் பேணிக்குள் பார்த்தபடி. "எங்கடை பக்கம் மழை தொடங்கியிட்டுது."

உகண்டாவுக்கு இப்போதே போ என்று சொல்லலாம். பாதை திறந்திருந்த நேரத்தில் மறித்தவள் அதை எந்த வாயால் சொல்லுவது? மன்னிப்புக் கேட்கலாம், அதைக் கொண்டுபோய் அவள் எங்கே வைப்பாள்? துவாரகா ஜன்னலடிக்குப் போனாள். இந்த ஊர் வீடுகளெல்லாம் அழகுக்கு வைப்பதுபோல அவளும் அங்கே மெழுகுதிரி வைத்திருந்தாள். எரியாத, தடித்த ஒன்றை எடுத்தாள்.

"மூடியின்ரை விளிம்பைச் சுத்தி உருக்கி விடவேணும் அக்கா. இடைவெளி விடாமல். தண்ணி போகாது."

விக்ரோரியா அன்று காலை முதல்தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள், உள்ளங்கை மேலே தெரிய. துவாரகா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மெழுகுதிரியை அதில் மெதுவாக வைத்தாள். விக்ரோரியா அதைப் பேணிக்குள் போட்டு மூடினாள்.

ட்ராமில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருந்தார்கள். புகையிரத நிலையம் வரைக்கும், வளைவு வரும்போதெல்லாம், விக்ரோரியாவின் மடியில் இருந்த பேணிக்குள் மெழுகுதிரி உருண்டு தகரத்தில் முட்டுகிற சத்தம் கேட்டது.