அறுபத்தொரு எட்டிப்பார்வைகள்

கம்ப்யூட்டரில் எது கெட்டாலும் "அணைச்சுட்டுப் போடு" என்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அமெரிக்காவில், டுலூத் நகரத்தில் இந்த ஏரி ஆராய்ச்சித் துறையின் இயந்திரங்களைப் பதினோரு வருடமாக நான்தான் கட்டி மேய்க்கிறேன். பக்கத்து மேஜைக்காரன் வெர்ன் அந்த அணைத்துப் போடுகிற கட்சி. நல்லவன்தான், சோம்பேறி.

1993 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மாரிட் எங்கள் அறைக்கு வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. ஏரியில் பனி எப்போது உறையும், எப்போது உடையும் என்று கணக்குப் போடும் ஆராய்ச்சி மாணவி அவள்.

"ஐனோ, ஸ்டர்ஜன் என்னமோ புலம்புது. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

எங்கள் இயந்திரங்களுக்கெல்லாம் மீன் பெயர்தான். ஸ்டர்ஜன் அவள் மேஜையில் இருக்கும் யூனிக்ஸ் கம்ப்யூட்டர், ஆறு வருடப் பழசு. அதில் அவளுடைய கணக்கு இருபத்து மூன்று நாளாக ஓடிக்கொண்டிருந்தது. இடையில் எங்கும் சேமித்து வைக்காத கணக்கு. சாயங்காலம் நாலு மணிவாக்கில் முடியும். முடிந்ததும் விடையை நெட்வொர்க் வழியாகக் கீழ்த்தளத்துச் சர்வருக்கு அனுப்பும், ஏனென்றால் ஸ்டர்ஜனின் சொந்த டிஸ்கில் அதை வைக்க இடமில்லை. வியாழக்கிழமை அந்த விடையோடு அவள் ஆய்வுக் குழுவின் முன்னால் நிற்க வேண்டும்.

போய்ப் பார்த்தால், திரையில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது: பஃபர் இல்லை, பஃபர் இல்லை. நெட்வொர்க்கில் வருவதையும் போவதையும் இயந்திரத்தின் அடிப்படைப் புரோகிராமான கெர்னல், பஃபர் என்ற சிறு சிறு பெட்டிகளில் வாங்கி வைக்கும். அந்தப் பெட்டிகள் மொத்தம் எத்தனை என்பது கெர்னலைக் கட்டும்போதே முடிவாகிவிடுகிற விஷயம். எல்லாம் நிரம்பிவிட்டால் உள்ளே எதுவும் வராது, வெளியே எதுவும் போகாது.

பின்னாலேயே வந்த வெர்ன் எட்டிப் பார்த்தான். "இதுக்கு என்ன யோசனை? எண்ணிக்கையைக் கூட்டி கெர்னலைத் திரும்பக் கட்டு, ரீபூட் பண்ணு. அரை மணி நேர வேலை."

"அவ கணக்கு?"

"மறுபடி ஓட்டட்டும்."

"இருபத்து மூணு நாளு வெர்ன்! மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துற ஆளுய்யா நீ."

மாரிட் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரீபூட் செய்தால் கணக்கு இப்போதே போகும். சும்மா விட்டாலோ, விடை கைக்கு வந்தும் அனுப்ப வழியில்லாமல் நாலு மணிக்குப் போகும். 

பெட்டிகள் எங்கே போய் மாட்டிக்கொண்டன என்று தேடினேன். ஒவ்வொரு கட்டளைக்கும் ஸ்டர்ஜன் முக்கி முனகித்தான் பதில் சொன்னது. திறந்திருக்கும் இணைப்புகளின் பட்டியலைப் போட்டதும் புரிந்துவிட்டது. வந்து சேர்ந்து, யாரும் எடுத்துப் படிக்காமல் கிடக்கிற சரக்கு எவ்வளவு என்று அதில் ஒரு பத்தி உண்டு. ஆரோக்கியமான இயந்திரத்தில் அந்தப் பத்தி முழுக்கப் பூஜ்யமாக இருக்கும். இங்கே அறுபத்தொரு வரிகளில் வழிய வழிய நிரம்பிக் கிடந்தது. அறுபத்தொன்றும் ஒரே புரோகிராம்.

"எட்டிப்பாருன்னு ஒண்ணு ஓடுதே, அது யாரோடது?"

"என்னோடதுதான். கணக்கு எதுவரைக்கும் போயிருக்குன்னு காட்டும். தினம் ரெண்டு மூணு தடவை பாப்பேன். பாத்த உடனே மூடிடுவேன்."

"எப்படி மூடுவே?"

"கன்ட்ரோல்-இசட்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். "அடிப் பாவி! அது மூடுறது இல்லம்மா, தூங்க வைக்கிறது. நீ தூங்க வச்ச ஒவ்வொண்ணுக்கும் உன் கணக்கு இன்னமும் லெட்டர் போட்டுக்கிட்டே இருக்கு. எடுத்துப் படிக்கத்தான் ஆள் இல்ல. கன்ட்ரோல்-சி அடிச்சு மூடினா என்ன கேடு?"

"நீங்கதானே கூடாதுன்னீங்க?"

சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினாள். கணக்கு ஓடும்போது கன்ட்ரோல்-சி தொடாதே, சந்தேகம் இருந்தால் கன்ட்ரோல்-இசட் என்று சிவப்பு மையில் எழுதி, கீழே என் கையெழுத்து. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருவன் திரையில் தப்பான ஜன்னலில் அந்த விசையை அடித்து ஒன்பது நாள் வேலையைக் கொன்றான். அந்தக் கோபத்தில் நான் எல்லா அறையிலும் ஒட்டியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்திருந்தது.

"இந்த டிபார்ட்மென்ட்ல உன் பேச்சைக் கேட்ட ஒரே ஆளு இவதான் ஐனோ, அவளுக்கா இந்தக் கதி?" என்றான் வெர்ன். எனக்கு மாரிட்டின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

தூங்குகிற அறுபத்தொன்றையும் கொன்றால் பெட்டிகள் விடுபடும். ஆனால் போடுகிற கடிதத்தை வாங்க ஆள் இல்லை என்றதும் கணக்கும் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டால்?

"அனுப்ப முடியலன்னா உன் புரோகிராம் என்ன பண்ணும்? நின்னுடுமா?"

"ஞாபகம் இல்லையே. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எழுதினது."  அப்போதுதான் அவளே திரையில் கணக்கு ஓடும் ஜன்னலைப் பார்த்து, "இருங்க, இருங்க" என்றாள். "காலையிலேர்ந்து அனுப்ப முடியல, அனுப்ப முடியலன்னு அது எழுதிக்கிட்டேதானே இருக்கு? நிக்கலையே! புலம்பிட்டு அடுத்த வேலைக்குப் போயிடுது."

"அப்படிச் சொல்லு!" என்றேன். வயிற்றில் பாலை வார்த்தாள் அந்தப் பெண்.

ஒருவர் ஓட்டும் புரோகிராமை அவரேதான் கொல்ல வேண்டும் என்பது எங்கள் துறையின் சட்டம். விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினேன். முதலில் ஒன்றை மட்டும் கொன்றாள். மூவரும் கணக்கின் ஜன்னலையே பார்த்தோம். அது ஒரு வரி புலம்பியது, அடுத்த அடி எடுத்து வைத்தது. பட்டியலில் ஒரு வரி குறைந்திருந்தது. மீதி அறுபதையும் அவள் ஒரே மூச்சில் தீர்த்துக்கட்டினாள். பஃபர் இல்லை என்ற வரி வருவது நின்றது.

அதன்பிறகு மதியம் முழுக்க ஒருவரும் எதையும் தொடவில்லை. வெர்ன் போய் மூன்று சாண்ட்விச் வாங்கி வந்தான். சாப்பிட்டது அவன் மட்டும். நாலு இருபதுக்குக் கணக்கு முடிந்தது. கோப்பு சர்வருக்குப் போகத் தொடங்கியதும் மாரிட் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"போகுதா?"

"போகுது."

"நிக்கலையே?"

"நிக்கல. பதினேழு மெகாபைட்... பதினெட்டு. போயிடுச்சு மாரிட். முழுசாப் போயிடுச்சு."

கையை எடுக்காமலேயே சிரித்தாள். அப்புறம் தலையை மேஜையில் சாய்த்தாள், அப்படியே தூங்கிவிட்டாள். நான் கீழ்த்தளத்துக்கு இறங்கி அந்தக் கோப்பை ஒரு டேப்பில் நகல் எடுத்தேன். பிறகு இன்னொன்றில். மூன்றாவது டேப்பைப் போடும்போது வெர்ன் வந்து நின்றான்.

"ரெண்டு போதாதா? ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு பத்திரத்துக்கு. மூணாவது எதுக்கு?"

"எனக்கு," என்றேன். "இன்னைக்கு ராத்திரி நானும் தூங்கணுமே."