வெட்டுவதற்கு முன்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பெர்கன் நகரில் வெளியாகும் ஒரு பின்னல் பத்திரிகைக்கு மாதாமாதம் குறிப்புகள் எழுதுகிறவள் நான். எந்த நூலுக்கு எந்த ஊசி, மிஞ்சிய நூலில் என்ன செய்யலாம், குழந்தைக்குக் குல்லா எப்படி. இந்த மாதமும் அதைத்தான் கேட்டார்கள். அதற்குப் பதில் இதை அனுப்பப் போகிறேன். போட்டால் போடட்டும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, நனைந்த பையோடு ஒரு மனிதர்...”

[வேண்டாம். பெர்கனில் மழை பெய்வதெல்லாம் ஒரு செய்தியா?]

2

நேராகவே வருகிறேன். ஓட்மார் டிராம் ஓட்டுகிறவர். என் குறிப்புகளைப் படித்துத்தான் பின்னக் கற்றுக்கொண்டார். மனைவியைப் பிரிந்த நாளிலிருந்து மகள் யில்வா அவரிடம் பேசியதில்லை. வடக்கே கப்பலில் வேலை கிடைத்ததும் அவளே போன் செய்தாளாம்.

“அங்க குளிர் தாங்காதாம்ப்பா. நீங்க என்னமோ பின்றீங்களாமே? எனக்கு ஒண்ணு பின்னித் தருவீங்களா? கிளம்புறப்ப வந்து வாங்கிக்கிறேன்.”

[அவர் ஏன் பிரிந்தார் என்று ஒரு பத்தி எழுதி அழித்துவிட்டேன். அது நமக்கு வேண்டாத விஷயம்.]

எங்கள் ஊரில், முன்பக்கம் பொத்தான் போடும் கார்டிகன் ஸ்வெட்டரைப் பூவேலையோடு பின்னுவதென்றால், அதை முதலில் குழாய் மாதிரி வட்டமாகப் பின்னிவிடுவோம். அப்படிப் பின்னினால்தான் பூ சுலபமாக விழும். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, முன்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை வெட்டித் திறப்போம்.*

* வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்தால் அலறுகிறார்கள். அலறத் தேவையில்லை. வெட்டுமிடத்துக்கு இரு பக்கமும் முன்கூட்டியே தையல் போட்டிருந்தால் ஒன்றும் ஆகாது.

இந்தத் தையலைப் பற்றி நான் எழுதித்தான் கொடுத்தேன். அச்சில் இல்லை. “பின்னி முடித்ததும் நடுவே வெட்டவும்” என்று மட்டும் இருந்தது. பக்கத்திலேயே, கத்தரிக்கோலும் கையுமாகச் சிரிக்கும் ஒரு பெண்ணின் படம். அந்தப் படத்துக்கு இடம் போதவில்லையாம், என் வாக்கியத்தைத் தூக்கிவிட்டார்கள்.

ஓட்மார் வெட்டினார்.

3

செவ்வாய்க்கிழமைகளில் நூலகத்தில் கூடிப் பின்னுவோம். அங்கேதான் ஓட்மார், வெட்டிய கார்டிகனோடு கொண்டுவந்த பையைக் கவிழ்த்தார்.

“என்னய்யா இது, பூனை குட்டி போட்ட இடம் மாதிரி இருக்கு?” என்றாள் குன்வோர். எங்கள் கூட்டத்தில், கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே வேலைக்கு அவளை மிஞ்ச ஆளில்லை. வாய்க்கும் இல்லை.

“புத்தகத்துல போட்டிருந்தபடிதாங்க செஞ்சேன்.”

“தையல் போட்டீங்களா?”

“என்ன தையல்?”

மேசையில் சூடாகக் கொண்டுவந்த வாஃபிள் பலகாரம் ஆறிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை.

அவர் வாங்கிய நூலும், பத்திரிகையில் என் குறிப்புக்கு எதிர்ப்பக்கம் விளம்பரமாக வந்திருந்த நூல். மெஷினில் துவைக்கலாம், வழவழவென்று இருக்கும். பழைய முரட்டுக் கம்பளி என்றால் இழைக்கு இழை பிடித்துக்கொண்டு நிற்கும். இது தொட்ட இடமெல்லாம் கண்ணி கண்ணியாகக் கழன்றது.

“சனிக்கிழமை பொண்ணு வர்றா. கடையில ஒண்ணு வாங்கிக் குடுத்துரட்டுமா?” என்றார் ஓட்மார்.

“பேசாம ரெண்டு கையாலயும் அசையாமப் பிடிங்க. மூச்சுகூட அந்தப் பக்கம் விடுங்க,” என்று குன்வோர் குரோஷே ஊசியை எடுத்தாள். கழன்ற கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கொக்கியில் பிடித்துக் கோக்கத் தொடங்கினாள்.

4

நான் வெளியே போய்ப் பத்திரிகை ஆசிரியர் வென்கேவைப் போனில் பிடித்தேன்.

[இந்த உரையாடலைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நான் பிரமாதமாகப் பேசினேன். உண்மையில் நடந்தது கீழே.]

“தையல் மெஷின்னு போட்டாலே புதுசா கத்துக்கறவங்க பயந்துடறாங்கம்மா. சுலபம்னு சொன்னாத்தான் படிக்கறாங்க.”

“அந்த மனுஷனோட ஸ்வெட்டர் அவிழ்ந்து போச்சு, வென்கே!”

“அடடா. பாழான ஸ்வெட்டர்ல தலையணை உறை தைக்கலாமே! அடுத்த மாசத்துக்கு நல்ல ஐடியா. நீயே எழுதிக் குடேன்.”

“நீ... நீயெல்லாம்...”

அவ்வளவுதான் எனக்கு வாயில் வந்தது. மீதியை இங்கே சொல்கிறேன். சுலபம், சுலபம், ஒரே மாலையில் முடிக்கலாம்! பொய். முதலில் ஒரு சதுரம் பின்னி அளவு பார்க்கச் சொன்னால் அதையும் எடுத்துவிடுகிறீர்கள். சுருங்குமா என்று நனைத்துப் பார்க்கச் சொன்னால் அதுவும் போச்சு. கஷ்டத்தைச் சொன்னால் ஆள் ஓடிவிடுவானாம்! நட்சத்திரப் பூவை ஆயிரம் தடவை பிரித்துப் பிரித்துப் பின்னிய மனிதர், ஒரு தையலுக்குப் பயந்து ஓடிவிடுவாரா? யாரை முட்டாள் என்று நினைத்தீர்கள்?

5

முடிவுக்கு வந்துவிட்டோம்.

(அ) யில்வா வருகிறாள், போட்டுப் பார்க்கிறாள், அப்பாவைக் கட்டிக்கொள்கிறாள். வென்கேவுக்கு ரொம்பப் பிடிக்கும். அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

(ஆ) யில்வா அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மேசைமேல் வைத்து... [இதை முடிக்க மனம் வரவில்லை.]

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். குன்வோர் பிடித்துக் கொடுத்த ஓரத்தில் நான் மெஷின் ஓட்டினேன். முன்பக்கம் தப்பித்தது. ஆனால் வலப்புறம் ஒரு நட்சத்திரம் பாதியாகிவிட்டது. இனி, சட்டைக்கைகளைப் பொருத்தும் இடங்களையும் வெட்டித் திறக்க வேண்டும். அங்கே ஓட்மாரே தையல் போட்டுவிட்டார். கத்தரிக்கோலை மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறார்.

“நீங்களே வெட்டிடுங்களேன்.”

“உங்க பொண்ணு கேட்டது எங்களையா, உங்களையா?” என்றாள் குன்வோர்.

அவர் கத்தரிக்கோலை எடுத்தார். இங்கே நான் நிறுத்திக்கொள்கிறேன். சனிக்கிழமை யில்வா அந்தப் பாதி நட்சத்திரத்தைத் தடவிப் பார்த்து என்ன சொல்வாள் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

வென்கே, இந்தக் கதையில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள். மழையை எடு, வாஃபிளை எடு, என்னை எடு. கடைசி வாக்கியத்தில் கை வைக்காதே. வாசகரே, அது கீழே இல்லையென்றால், படத்தை மறுபடியும் பெரிதாக்கிவிட்டார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வெட்டுவதற்கு முன், வெட்டுமிடத்துக்கு இரு பக்கமும் மெஷினில் இரண்டு வரிசை தையல் போடவும்.